கொழுந்து பறிக்கும் கையும் முழங்கை நோவும்

சென்ற கோடை விடுமுறையில் யாம் குன்னூரில் இருபது நாள் தங்கியிருந்தோம். ஓராண்டாக எமது வலது முழங்கையை விடாது பற்றியிருந்த நோவுக்கு மலைக்காற்றே மருந்து என்று நண்பரொருவர் கூறியதை நம்பிச் சென்றோம் என்றால், இக்கல்லூரியில் உயிர்நூல் பயிலும் மாணவர் நகைப்பர். நகைக்கட்டும். முப்பதாண்டு கரும்பலகையில் எழுதியும், பருவந்தோறும் விடைத்தாட் கட்டுகளைத் திருத்தியும் பழகிய கை, எமது ஐம்பத்தாறாம் அகவையில் ஒரு நாட்காலை தண்ணீர்ச் செம்பைத் தூக்க மறுத்துவிட்டது. அன்று முதல் யாம் கேளாத அறிவுரை இல்லை. தடவாத தைலமும் இல்லை. மலைக்காற்று நோவைத் தீர்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆயினும் அங்குக் கண்டவையும் கேட்டவையும், திரும்பி வந்தபின் நூல்களில் தேடிக் கற்றவையும் எமக்குப் பெரிதும் பயன்பட்டன. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் எம் வயதினர் பலர் உளர். இளைய மாணவர்க்கும் தாய் தந்தையர் உளர். ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குச் செல்லும் சாலையோரத்தில் யாம் மாலைதோறும் உலாவச் செல்வதுண்டு. சரிவெங்கும் மேசைபோலச் சமமாக வெட்டப்பட்ட தேயிலைச் செடிகள்; அவற்றினிடையே இடுப்பளவு மறைந்து நின்று பெண்கள் கொழுந்து பறிப்பர். அவருள் அறுபதைக் கடந்த அம்மையார் ஒருவர், சிறிது நேரத்துக்கொரு முறை பறிப்பதை நிறுத்தி வலக்கையை உதறிக்கொள்வதைக் கண்டோம். எம் கையும் அவ்வாறே உதறப்படுவது ஆகையால், நோயாளிக்கு நோயாளி நண்பன் என்னும் உரிமையோடு, “கையில் என்ன அம்மா?” என்று வினவினோம்.

“முழங்கை முட்டியில குத்துதுங்க ஐயா. டம்ளரைத் தூக்கினாக்கூடக் கடுக்குது.”

“சிறிது நாள் ஓய்வு எடுக்கலாகாதா?”

“ஆஸ்பத்திரியிலயும் அதத்தாங்க சொன்னாங்க. கொழுந்து நமக்காகக் காத்துக்கிட்டு நிக்காதுங்களே.”

இவ்விடை எம்மை நெடுநேரம் சிந்திக்கச் செய்தது. எமக்கு நோவு வந்தபோது கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்தோம், சம்பளம் குறையவில்லை. அவ்வம்மையாருக்கோ கையே சம்பளம். தோட்டங்களில் நிர்ணயித்த நிறைக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் மிகைக் கூலி உண்டு. கை சோர்ந்தால் முதலில் குறைவது அதுவே. பெரிய தோட்டத்தில் பணி ஓய்வு பெற்றவர், சிறு தோட்டக்காரரிடம் நாட்கூலிக்குப் பறிக்கிறார். அவர் இலங்கை மலைநாட்டில் பிறந்து, சிறுமியாய்ப் பெற்றோருடன் இங்கு வந்தவர். 1964ஆம் ஆண்டில் லால் பகதூர் சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கடல் கடந்து திரும்பிய குடும்பங்கள் பல. அவர்க்கு வாழ்வளிக்கும் பொருட்டே 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கத் தொடங்கிற்று. அதுவே பின்னர் டான்டீ என்று வழங்கும் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அன்று இளைஞராய் வந்து காட்டைத் திருத்திச் செடி நட்டவரெல்லாம் இன்று முதுமை எய்திவிட்டனர். இவரேயன்றி, மலையில் நெடுங்காலமாக வாழும் படுகர் பெருமக்களும் தம் சிறு நிலங்களில் தேயிலை பயிரிட்டுப் பச்சைத் தேயிலையை ஆலைகளுக்கு விற்று வாழ்கின்றனர். அவர் வீடுகளிலும் ஆளில்லாக் குறையால் பாட்டிமாரே கூடையை எடுத்துக்கொண்டு இறங்குவதைக் கண்டோம். ஆகவே முதியோர் கைந்நோவு என்பது இம்மலையில் ஒருவர் இருவர் குறையன்று.

நிற்க. இவ்வேலையில் கை என்ன பாடுபடுகிறது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகிய கொழுந்து ஒன்று, ஒரு கிராம் நிறையுடையது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின் இருபத்தைந்து கிலோ பறிக்க இருபத்தையாயிரம் கொழுந்து வேண்டும். பழகிய விரல்கள் ஒரே பற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கிள்ளும். வேலையை இரு கைகளும் பங்கிட்டுக் கொள்ளும். இவற்றையெல்லாம் கழித்தாலும் ஒரு கைக்கு நாளொன்றுக்குப் பல்லாயிரம் கிள்ளல் எஞ்சும். ஒவ்வொன்றும் சிறிய செயலே. ஒரு கொழுந்தைக் கிள்ளியதால் எவர்க்கும் கை வலித்ததில்லை. ஆனால் முழங்கையைச் சற்றே நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க, மணிக்கட்டை மேலே நிமிர்த்திப் பிடித்த ஒரே நிலையில், ஒரே திசையில், காலை முதல் மாலை வரை அச்சிறு செயல் நிகழ்கிறது. பறித்தது கைப்பிடி நிறைந்தவுடன் தோளுக்குப் பின்னே கூடையில் எறிதல் வேண்டும். பனியிலும் மழையிலும் நனைந்த இலையாயின் கூடையின் சுமை வேறு.

இப்பொழுது விரலாற் பறிப்பதினும் கத்தரியால் வெட்டுவதே பல தோட்டங்களில் மிகுந்து காணப்படுகிறது. ஆள் பற்றாக்குறைக்கு அஃது ஒரு தீர்வு, நிறையும் கூடும். ஆனால் கைக்கு அது தீர்வன்று என்பதே எம் கருத்து. வெட்டிய கொழுந்தைத் தாங்கும் தட்டோடு கூடிய அக்கத்தரியை இரு கைகளாலும் ஏந்தி, முழங்கைகளை உடலினின்றும் விலக்கி, ஓயாது திறந்து மூடுதல் வேண்டும். விரல் நுனியில் இருந்த உழைப்பு முன்கைத் தசைகளுக்கு ஏறிவிட்டது, அவ்வளவே. சில ஆண்டுகளுக்கொருமுறை செடியைத் தறிக்கும் கவாத்து வேலையோ இன்னும் கடுமையானது. அது பெரும்பாலும் ஆடவர் தொழில். வளைந்த கத்தியால் கட்டையான கிளையை ஓங்கி வெட்டும்போது எழும் அதிர்ச்சி முழுவதையும் முன்கை வாங்கிக்கொள்கிறது.

இனி நோவு எங்கு, ஏன் உண்டாகிறது என்பதை அறியப் புத்தகம் வேண்டா. வாசகர் தம் கையே போதும். இடக்கை விரல்களை வலது முன்கையின் புறப்பக்கத்தில், முழங்கைக்குச் சிறிது கீழே வைத்துக்கொண்டு, வலக்கையை இறுக முட்டியாகப் பிடித்துப் பாருங்கள். விரல்களை மடக்குவது முன்கையின் உட்பக்கத் தசைகளின் வேலையன்றோ? ஆயினும் புறப்பக்கத் தசையும் உடனே கல்போல இறுகுவதை உணர்வீர்கள். காரணம் யாதெனின், விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் உடன் மடக்க முயல்கின்றன. அவ்வாறு அது மடங்கிப்போனால் பிடியில் வலுவே இராது. ஆதலின் புறத்தசைகள் எதிர்நின்று மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கின்றன. எழுதுகோலைப் பிடித்தாலும், கொழுந்தைக் கிள்ளினாலும், துணியைப் பிழிந்தாலும் அவற்றுக்கு ஓய்வில்லை. இத்தசைகளில் பல ஒன்று சேர்ந்து, முழங்கையின் வெளிப்பக்கத்தில் மேற்கை எலும்பின் நுனியிலுள்ள சிறு முண்டில் பொதுவான ஒரு தசைநாணால் பொருந்தியுள்ளன. விரற்கடை அகலங்கூட இல்லாத அவ்விடத்தில்தான் கையின் எல்லாப் பிடிகளின் இழுப்பும் வந்து சேர்கிறது. நோவும் அங்கேயே தோன்றி, முன்கை வழியே மணிக்கட்டு வரை இறங்குகிறது. உட்பக்க முண்டிலும் இவ்வாறே நோவு தோன்றுவதுண்டு. அது முறுக்குதலும் ஓங்கி வெட்டுதலும் மிகுந்தவர்க்கு வருவது.

இந்நோய்க்கு டென்னிஸ் முழங்கை என்று பெயர் வழங்குகிறது. பெயரைக் கேட்ட அளவில் இது செல்வர் விளையாட்டால் வரும் நோய் என்று எண்ணத் தோன்றும். உண்மை அன்று. 1873இல் ருங்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதனை முதன்முதல் விவரித்தபோது, எழுதுவோர்க்கு வரும் கை முடக்கமாகவே விவரித்தார். அதற்கு அடுத்த ஆண்டில்தான் இங்கிலாந்தில் விங்ஃபீல்ட் என்பவர் புல்தரை டென்னிஸ் ஆட்டத்துக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். ஆட்டம் பரவிய பின்னர், 1882இல் ஹென்றி மோரிஸ் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் டென்னிஸ் ஆடுவோர் கை என்று குறித்தார், அப்பெயரே ஒட்டிக்கொண்டது. ஆடுவோர் சிலர், உழைப்போர் பலர். இந்நோயுற்றவருள் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டறியாதவர். எழுத்தர் முழங்கை என்றோ கொழுந்துக்காரி முழங்கை என்றோ பெயர் வைத்திருந்தால் தொழிலிடத்தில் இதற்குச் சிறிது மதிப்பேனும் உண்டாயிருக்கும் என்பது எம் மனக்குறை.

ருங்கேக்கு நெடுங்காலம் முன்னரே, இத்தாலி நாட்டு மோதெனா நகரில் 1700ஆம் ஆண்டில் பெர்னார்தினோ ராமசீனி என்னும் மருத்துவப் பேராசிரியர் தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, உன் தொழில் என்ன என்பதையும் மருத்துவர் கேட்டல் வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவரே. எழுத்தருடைய கைந்நோவுக்குக் கையின் ஓயாத அசைவும், அவ்வசைவு என்றும் ஒரே வகையாய் இருத்தலும் காரணம் என்று அவர் கண்டறிந்தார். முந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் அக்கூற்று பழுதுபடவில்லை.

ஆனால் நோவின் உள்ளியல்பைப் பற்றிய கருத்து மட்டும் எம் வாழ்நாளுக்குள்ளேயே மாறிவிட்டது. தசைநாணில் அழற்சி உண்டானதாலேயே வலிக்கிறது என்று நெடுநாள் நம்பினர். 1970களில் அமெரிக்க அறுவை மருத்துவராகிய நிர்ஷல் என்பவர் நெடுங்காலம் நோயுற்ற நாண்களை அறுத்தெடுத்து நுண்பெருக்கியில் நோக்கியபோது, அழற்சிக்குரிய அணுக்கள் அங்குக் காணப்படவில்லை. மாறாக, ஒழுங்காகப் புரி முறுக்கிய கயிறு போல் இருக்கவேண்டிய நார்கள் சிதறிக் கலைந்தும், இடையிடையே உருப்பெறாத புதுத் திசு புகுந்தும் இருந்தன. அஃதாவது, நாண் சிறுசிறு பழுதுகளை ஓயாது செப்பனிட முயன்று, செப்பனிடுமுன் மீண்டும் பழுதுற்று, ஈற்றில் அரைகுறையாய் நின்றுவிட்ட நிலை அது. தசைக்கு ஓடுமளவு குருதி நாணுக்கு ஓடுவதில்லை. வயது ஏற ஏற அதன் நார்கள் விறைப்படைகின்றன. செப்பனிடும் வேகமும் குறைகிறது. இருபது வயதில் ஓரிரவு உறக்கத்தில் ஆறியது, ஐம்பதில் மாதக்கணக்கில் ஆறாமல் நிற்பதன் காரணம் இதுவே. புகைப்பழக்கமும் நீரிழிவும் உள்ளவர்க்கு இன்னும் தாமதமாகும்.

சிறு செயலின் தொடர்ச்சி பெருந்தீங்கு விளைக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் இருந்து உலகுக்குக் காட்டியவர் ஒருவரை இங்கு நினைத்தல் தகும். கொல்லிமலையில் ஊழியம் செய்த பெற்றோர்க்கு 1914இல் அம்மலையிலேயே பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையில் உலகப் புகழ் பெற்றார். அந்நோயாளரின் கால்களில் புண் ஏன் ஆறுவதில்லை என்று ஆராய்ந்த அவர், ஒருமுறை தாக்கும் பேரடியை விட, நடக்கும்போது ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் சிறிய அழுத்தமே புண்ணுக்குப் பெருங்காரணம் என்று தெளிந்தார். நம்மைப் போன்றோர் சிறிது தூரம் நடந்ததும் நம்மையறியாமலே அடி வைக்கும் முறையை மாற்றிக்கொள்கிறோம். உணர்ச்சியற்ற காலுக்கு அம்மாற்றம் தோன்றுவதில்லை. வலி என்பது உடம்பைக் காக்கும் காவலன் என்று அவர் வாழ்நாள் முழுதும் போதித்தார். தேயிலைத் தோட்டத்து அம்மையார் கையை உதறியது அக்காவலன் குரலுக்குச் செவி கொடுத்ததே. ஆனால் உதறிய கை மறுகணம் அதே நிலைக்கு, அதே வேலைக்குத் திரும்பிவிட்டது. அதுதான் வேதனை.

இனி மருத்துவம். இதில் எம் அறியாமையின் விலையையும் மறைக்காமல் சொல்லுவோம். நோவு தொடங்கிய மூன்றாம் மாதத்தில், சமவெளி நகரொன்றில் ஒரு மருத்துவர் எம் முழங்கையில் ஸ்டீராய்டு ஊசி போட்டார். ஒரு வாரத்தில் வலி மாயமாய் மறைந்தது. யாமும் மகிழ்ந்து, தேர்வுத் தாள் நானூற்றையும் ஒரே மூச்சில் திருத்தினோம். இரண்டு மாதம் கழித்து வலி முன்னிலும் கடுமையாகத் திரும்பிற்று, மீண்டும் ஊசி, மீண்டும் அதே கதை. பின்னர்ப் படித்தறிந்தது யாதெனின், ஆஸ்திரேலியாவில் 198 நோயாளரை மூன்று கூறாக்கி ஓராண்டு கண்காணித்து 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆறாம் வாரத்தில் ஊசி போட்டுக்கொண்டவரே மிக நலமாயிருந்தனர். ஓராண்டு முடிவிலோ, ஒன்றும் செய்யாது காத்திருந்தவரினும் அவர் பின்தங்கினர். ஊசியால் குணமடைந்தவருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர்க்கு நோய் மீண்டது. 2013இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியும் இதனையே உறுதிப்படுத்திற்று. நம் குருதியிலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுக்களை ஊசியாகச் செலுத்தும் புதுமுறை நகரங்களில் மிகுந்த பொருட்செலவில் நடைபெறுகிறது. ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து நோக்கிய காக்ரன் குழுவினர், அதனாற் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை என்றே 2021இல் முடிவு கூறினர். அறுவை, பல மாதம் முயன்றும் பயனற்ற மிகச் சிலர்க்கே வேண்டப்படுவது.

இதற்கு எதிராக ஒரு நற்செய்தி உண்டு. பெரும்பாலோர்க்கு இந்நோவு ஓராண்டு அளவில் தானே தணிந்துவிடுகிறது. கடுமையான கைத்தொழிலில் தொடர்ந்து இருப்போர்க்கு மட்டும் காலம் நீள்கிறது. ஆகவே செய்யவேண்டுவது இரண்டு: ஆறும் நாணை மீண்டும் மீண்டும் கிழிக்காதிருத்தல்; ஆறியதை வலுப்படுத்தல். முழு ஓய்வு என்று கையைத் தூளியிலிட்டுத் தொங்கவிடுதல் பிழை. வேலையே இல்லாத நாண் மேலும் நொய்ந்துபோம்.

பொருளைத் தூக்கும் முறையை மாற்றியதே எமக்கு முதற்பயன் அளித்தது. உள்ளங்கை கீழ்நோக்க, முழங்கையை நீட்டித் தூக்கினால் சுமை முழுவதும் நோயுற்ற நாணில் விழும். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, முழங்கையை மடக்கி விலாவுடன் ஒட்டி, பொருளை உடம்புக்கு அருகே கொண்டு வந்து தூக்கினால், மேற்கையின் முன்புறத் தசை அச்சுமையை ஏற்றுக்கொள்ளும். செம்பு, நாற்காலி, புத்தகக்கட்டு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஈரக் கம்பளியை முறுக்கிப் பிழியாமல் கொடியில் தொங்கவிட்டு வடியச் செய்தல் நலம். மெல்லிய கைப்பிடியை விடப் பருத்த கைப்பிடிக்குக் குறைந்த பிடியே போதும். கத்தரிப் பிடியிலும் விளக்குமாற்றுக் காம்பிலும் பழந்துணி சுற்றிக்கொள்வது செலவில்லா மருந்து. சாக்கட்டிக்கு ஒரு பருத்த உறை செய்துகொண்ட எம்மைக் கண்டு மாணவர் முதலில் சிரித்தனர், பின்னர்ப் பழகிவிட்டனர்.

பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். எமக்கு உண்மையில் குணந்தந்தது அதுவே. மேசையின்மேல் முன்கையைக் கிடத்தி, உள்ளங்கை கீழ்நோக்க, மணிக்கட்டை மட்டும் விளிம்புக்கு வெளியே விடுக. கையில் அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்றைப் பிடித்துக்கொள்க. நோயற்ற கையால் அதனை மேலே உயர்த்தி, பின் அக்கையை விட்டுவிட்டு, நோயுற்ற கையாலேயே மூன்று நான்கு எண்ணும் அளவு மெல்ல மெல்லத் தாழ்த்துக. தாழ்த்துவதே பயிற்சி, உயர்த்துவது அன்று. பத்து முதல் பதினைந்து முறை, சிறிது இளைப்பாறி மும்முறை, நாள்தோறும் செய்தல் வேண்டும். தொடக்கத்தில் புட்டியில் கால் பங்கு நீர் போதும். பயிற்சியின்போது சிறிது நோவு உண்டாதல் தவறன்று. அஃது இரவுக்குள் தணிந்துவிட வேண்டும். மறுநாள் காலையிலும் மிகுந்து நின்றால் சுமையைக் குறைக்க. புட்டியைக் கையிற் பிடிக்கவே இயலாதவர், முட்டியின் மேல் மற்றக் கையை வைத்து அழுத்தி, அசையாமல் அரை நிமிடம் எதிர்த்து நிற்கலாம். மூன்று மாதத்துக்குக் குறைந்து பயனை எதிர்பார்க்கலாகாது. முதல் மூன்று வாரத்தில் மாற்றமொன்றும் காணாமல் யாம் இதனைக் கைவிட எண்ணினோம், மனையாள் விடவில்லை.

முழங்கை முண்டுக்கு இரண்டு விரற்கடை கீழே முன்கையில் கட்டும் பட்டை ஒன்று கடைகளில் கிடைக்கும். வேலை நேரத்தில் மட்டும் அதனைக் கட்டிக்கொள்வது சிலர்க்கு இதம். விரல் மரத்துப்போகும்படி இறுக்கலாகாது. இரவில் அவிழ்த்துவிட வேண்டும்.

நீலகிரி சென்று தைலம் வாங்காது வருவார் யார்? யூகலிப்டஸ் மரத்து நீலகிரித் தைலத்தையும், விண்டர்கிரீன் தைலத்தையும் யாமும் புட்டி புட்டியாய் வாங்கினோம். தேய்த்தால் தோல் சூடேறி வலி சிறிது நேரம் மறக்கும். குளிர்ந்த காலையில் வேலைக்கு முன் கையைச் சூடேற்றிக்கொள்ள அஃது உதவும் என்பதையும் மறுக்கவில்லை. நாண் அதனால் ஆறுவதில்லை. விண்டர்கிரீன் தைலத்தில் ஆஸ்பிரினுக்கு உறவான மெதில் சாலிசிலேட் நிரம்பியுள்ளது. சிறிதளவு குடித்தாலும் குழந்தைகட்கு நஞ்சாகும். குருதி உறையாமைக்கு வார்ஃபரின் உண்போர் அதனை மிகுதியாகத் தேய்த்தலும் ஆகாது. வலி மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி நாட்கணக்கில் விழுங்கும் வழக்கம் முதியோரிடம் மிகுந்துள்ளது. அவை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லன. மேலே பூசும் டைக்ளோபினாக் களிம்பு அவற்றினும் தீங்கு குறைந்தது.

முழங்கையில் வலித்தால் எல்லாம் இந்நோயே என்று கொள்ளவுங்கூடாது. அறுபதைக் கடந்தோர்க்கு இவ்வெச்சரிக்கை இன்றியமையாதது. பெருவிரல் முதல் மூன்று விரல்கள் இரவில் மரத்து, உறக்கத்தினின்று எழுப்பினால், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டுள்ளது என்று ஐயுறவேண்டும். சிறுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையின் உட்புற நரம்பையும், கழுத்தைத் திருப்பும்போது கை முழுதும் மின்னல்போல் ஓடினால் கழுத்தெலும்பையும் ஆராய வேண்டும். கிள்ளும் தொழிலால் பெருவிரலின் அடிமூட்டு தேய்ந்து வலிப்பதும் முதிய பெண்டிரிடம் பெரிதும் காணப்படுவது. மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலுடன் இருந்தாலோ, விழுந்தபின் வலி தோன்றினாலோ நாள் கடத்தலாகாது. நடக்கும்போதோ மேடேறும்போதோ நெஞ்சு இறுகி, வியர்த்து, இடக்கையில் வலி இறங்கினால் அது கையின் நோயன்று. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிராமல் அக்கணமே மருத்துவமனைக்குச் செல்க. மலைச் சரிவில் நாள்தோறும் ஏறி இறங்குவோர் இதனை நினைவில் இருத்தல் வேண்டும்.

தோட்டத்தார் செய்யக்கூடியதும் சில உண்டு. முதியோர்க்கு நாள் முழுதும் பறிப்பையே தராமல், நடுவில் நாற்றங்கால் வேலை, தரம் பிரித்தல் போன்றவற்றை மாற்றி மாற்றித் தரலாம். மணிக்கொருமுறை சில நிமிடம் கைகளைத் தொங்கவிட்டு நிற்பதைச் சோம்பல் என்று கருதாத மேஸ்திரி ஒருவர் இருந்தால் பாதி நோய் வாராது. கத்தரிகளை நாள்தோறும் சாணை பிடித்தல் அதனினும் எளிது. மழுங்கிய கத்தரிக்கு இருமடங்கு வலு வேண்டியிருக்கிறது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கிற்று. ஆனால் காய்ச்சலுக்கும் மகப்பேற்றுக்கும் கிடைத்த கவனம் முழங்கைக்குக் கிடைத்ததில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில், வலிய உழைப்பாலும் ஒரே அசைவின் தொடர்ச்சியாலும் வரும் இம்முழங்கை நோயும், மணிக்கட்டு நரம்பு நெருக்கமும் பெயர் குறித்தே சேர்க்கப்பட்டுள்ளன. எனவே இதனை வயதானால் வருவது என்று சொல்லிக் கைகழுவுதல் முறையன்று. வயது ஒரு பங்கு. தொழில் ஒரு பங்கு.

திசம்பர் விடுமுறையில் மீண்டும் இரண்டு நாள் குன்னூர் சென்றோம். உறைபனிக் காலமாகையால் சரிவின் கீழ்ப்பகுதிச் செடிகளில் இலை கருகியிருந்தது, கொழுந்து குறைவு. அவ்வம்மையாரை அதே சாலையோரத்தில் கண்டோம். கோடையில் யாம் காட்டிய புட்டிப் பயிற்சியைத் தண்ணீர்ப் புட்டிக்குப் பதிலாகக் கூழாங்கல் கட்டிய துணி முடிச்சால் இரவுதோறும் செய்ததாகக் கூறினார். இப்போது இடக்கையை முன்னிட்டுப் பறிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். நாளுக்கு மூன்று நான்கு கிலோ குறைகிறதாம். “டம்ளரைத் தூக்க முடியுதுங்க ஐயா, குடத்தைத்தான் இன்னும் முடியல. உங்க கை எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டார். எமக்கும் செம்பு வரையில்தான் வந்திருக்கிறது என்றோம்.